பழைய ஸ்போர்ட்ஸ் காரில் புது ஸ்பீக்கர்: காசு செலவழித்தும் பாட்டு ஏன் சரியாகக் கேட்பதில்லை?

30 வயதைத் தாண்டிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின் நன்றாக ஓடுகிறது, கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது, பெயின்ட்டும் பளபளப்புதான். பாட்டு போட்டால் மட்டும் யாரோ தகரக் குடத்துக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கிறது. உடனே என்ன தோன்றும்? "ஸ்பீக்கரை மாத்திட்டா முடிஞ்சது!" அட்டைப்பெட்டியில் '300 வாட்' என்று பெரிதாக அச்சடித்த ஒரு ஜோடியை வாங்கி வந்து மாட்டுவார்கள். வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்டால் அட்டகாசம். மேற்கூரையை மடக்கிவிட்டு நெடுஞ்சாலையில் ஏறினால் மறுபடியும் பழைய கதை.

இது ஏன் இப்படி ஆகிறது? சுருக்கமாகச் சொன்னால், இந்த மாதிரி கார்களில் ஸ்பீக்கர் என்பது பிரச்சனையில் ஒரு சின்னப் பகுதி மட்டும்தான். அது மாட்டப்படும் கதவு, அதற்குப் போகும் கரன்ட், அதோடு போட்டி போடும் காற்றுச் சத்தம் ஆகிய மூன்றையும் கவனிக்காமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவது, ஓட்டை வாளியை விட்டுவிட்டுக் கயிற்றை மாற்றுவது மாதிரி. இதில் பணம் மட்டும் வீணாகப் போவதில்லை. காரின் கதவும் போகலாம், காதும் போகலாம். எப்படி என்று பார்ப்போம்.

எந்தக் காரை வைத்துப் பேசப் போகிறோம்?

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. நம் ஊரில் மாஸ்டா என்றாலே 'சுவராஜ் மாஸ்டா' வேன்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் உலகம் முழுக்க அந்த கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்தக் குட்டி இரண்டு சீட் கார். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமானது. அமெரிக்காவில் 'மியாட்டா', ஜப்பானில் 'யூனோஸ் ரோட்ஸ்டர்', ஐரோப்பாவில் 'எம்எக்ஸ்-5' என்று ஊருக்கு ஒரு பெயர். தூங்கி விழித்த மாதிரி மேலே எழும்பும் ஹெட்லைட், கையாலேயே பின்னால் மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை, 1.6 லிட்டர் இன்ஜின். 1997 வரை இந்த முதல் வடிவம் தயாரானது. உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று 2000-ம் ஆண்டில் கின்னஸ் அங்கீகரித்தது. 2016 ஏப்ரலில் எல்லா தலைமுறைகளும் சேர்ந்து 10 லட்சமாவது கார் வெளியே வந்தது.

ஸ்பீக்கர் பிரச்சனையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். கூரை திறக்கும், கதவு சின்னது, உள்ளே இடமே கிடையாது, வயதும் ஆகிவிட்டது. பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வரக்கூடிய எல்லா தலைவலியும் இந்த ஒரே காரில் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: இந்தக் காரின் சைலன்சர் சத்தம் ஓட்டுபவரின் காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்று மாஸ்டா மெனக்கெட்டு டியூன் செய்தது. அதாவது, காரே பாடட்டும், ரேடியோ சும்மா துணைக்கு என்பதுதான் அவர்கள் கணக்கு.

பழைய ஸ்பீக்கருக்கு என்னதான் ஆகிறது?

ஸ்பீக்கரின் நடுவில் இருக்கும் கூம்பு பெரும்பாலும் பேப்பர். அந்தக் கூம்பை வெளிச் சட்டத்தோடு இணைக்க, சுற்றிலும் மெத்தென்று ஒரு வளையம் இருக்கும். 80-கள், 90-களில் வந்த பல ஸ்பீக்கர்களில் அந்த வளையம் ஒரு வகை ஃபோம். காற்றில் இருக்கும் ஈரமும் வெயிலும் சேர்ந்து 15, 20 வருடத்தில் அதை மட்கவைத்துவிடும். போகிக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது எங்கள் வீட்டில் ஒரு பழைய டேப் டெக்கின் ஸ்பீக்கர் கிடைத்தது. விரலை வைத்ததுதான் தாமதம், வளையம் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டியது. காரின் கதவுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. என்ன, கிரில் மூடியிருப்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது.

வளையம் போய்விட்டால் கூம்பு நேராக முன்னும் பின்னும் போகாமல் கோணலாக ஆடும். உள்ளே இருக்கும் காயில் காந்தத்தில் உரசும். அந்தக் கரகர சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. இதற்கு ஸ்பீக்கரையே தூக்கிப் போட வேண்டும் என்று அவசியமில்லை. புது வளையத்தை மட்டும் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். 'ரீஃபோமிங்' என்று பெயர். காரில் ஒவ்வொரு பொருளும் கம்பெனியில் வந்தபடியே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். மற்றவர்கள் புதுசு வாங்குவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எதைப் பார்த்து வாங்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த '300 வாட்' கணக்கு

அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண், அந்த ஸ்பீக்கர் ஒரு கணம் தாங்கக்கூடிய உச்ச அளவு. அது எவ்வளவு சத்தம் தரும் என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. கார் ஸ்டீரியோ மேல் எழுதியிருக்கும் '50 வாட் x 4' என்பதும் அதே ரகம்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓடும் காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் குட்டி ஆம்ப், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த வோல்டேஜை முழுசாகக் கொடுத்தாலும், சிதையாத ஒலியில் சுமார் 26 வாட்தான் வரும். அதுவும் ஏட்டுச் சுரைக்காய் கணக்கு. நடைமுறையில் 20 வாட்டுக்கு அக்கம்பக்கம். மீதியெல்லாம் அட்டைப்பெட்டியில் மட்டும் இருக்கும் வாட்.

ஆக, தனி ஆம்ப் போடாமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால் பார்க்க வேண்டிய எண் வேறு. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒன்று போட்டிருப்பார்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கும் என்பதுதான் அது. 86 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 89 டெசிபல் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் வெறும் 3 தானே என்று தோன்றும். ஆனால் டெசிபல் கணக்கில் 3 கூடினால் பவர் இரண்டு மடங்கு. 89 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் செய்யும் வேலையை மற்றது செய்ய 20 வாட் வேண்டும். பழைய ஸ்டீரியோவின் மொத்த சக்தியே அவ்வளவுதான்! நம் காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு பவர். வெறும் வாட்டைக் கூட்டிக்கொண்டே போய் சத்தத்தை வாங்குவது எவ்வளவு செலவு பிடித்த வேலை என்று இப்போது புரிகிறதா?

ஸ்பீக்கருக்குப் பெட்டி எங்கே?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரைக் கவனித்திருப்பீர்கள், எப்போதும் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அது அழகுக்காக இல்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்றைத் தள்ளும், அதே நேரம் பின்பக்கக் காற்றை இழுக்கும். இந்த இரண்டு அலைகளும் ஒன்றுக்கொன்று எதிர். இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதிலும் பேஸ் ஒலிகளுக்கு அலை ரொம்ப நீளம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், கிட்டத்தட்ட இந்தக் காரின் நீளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதனால் பின்னால் போகும் அலை, ஒரு சின்ன ஓட்டை கிடைத்தாலும் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து பேஸை அழித்துவிடும். வீட்டு ஸ்பீக்கரின் பெட்டி, பின்னால் போகும் அந்த அலையைப் பிடித்து அடைத்துவைக்கிறது.

காரில் கதவுதான் பெட்டி. ஆனால் எப்படிப்பட்ட பெட்டி? டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால், உள் தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி மெக்கானிசத்தை ரிப்பேர் செய்ய விடப்பட்டவை. வெளித் தகடோ மெல்லிசு. தட்டினால் 'டங்' என்று அதிரும். இந்த ஓட்டைப் பெட்டியில் எவ்வளவு உசத்தியான ஸ்பீக்கரை மாட்டினாலும் பேஸ் ஒழுகித்தான் போகும்.

வழி என்ன? ஓட்டைகளை அடைத்து, தகட்டின் அதிர்வைக் குறைக்க வேண்டும். ஒரு பக்கம் அலுமினியத் தாளும் மறுபக்கம் பிசுபிசுவென்ற பியூட்டைல் ரப்பரும் உள்ள ஷீட்டை வெட்டி ஒட்டுவார்கள். கார் ஆக்சஸரீஸ் கடைகளில் 'டேம்பிங்' என்றால் இதுதான். ஒட்டிய பிறகு அதே கதவைத் தட்டினால் 'டங்' போய் 'தொப்' என்று கேட்கும். பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டினால்கூட பேஸ் கூடியிருப்பது தெரியும். என்னைக் கேட்டால், பட்ஜெட் கம்மி என்றால் முதல் காசை இதற்குத்தான் போட வேண்டும். ஆனால் யூடியூபில் இதை யாரும் தம்ப்நெயிலில் போடுவதில்லை. பளபளக்கும் ஸ்பீக்கர் கூம்புக்கு இருக்கும் கவர்ச்சி கறுப்பு ரப்பருக்கு எங்கே இருக்கிறது?

அதற்காகக் கதவு முழுக்க அப்பிவிடக் கூடாது. இரண்டு காரணம். ஒன்று எடை. இந்தக் கார் சுமார் 950 கிலோதான். எடையைக் குறைக்க பானெட்டையே அலுமினியத்தில் செய்தார்கள். பின்னால் மூன்றாம் தலைமுறையை வடிவமைத்தபோது, உள்ளே இருக்கும் ரியர்வியூ கண்ணாடியில்கூட 84 கிராம் குறைத்த கூட்டம் அது. அப்படிப்பட்ட காரில் ஷீட், ஆம்ப், சப்வூஃபர் என்று அடுக்கிக்கொண்டே போனால் எந்தக் காரணத்துக்காக வாங்கினோமோ அதுவே போய்விடும். தகட்டின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே அதிர்வின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

இரண்டாவது காரணம், தண்ணீர். மழை பெய்தால் கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். எல்லா கார்களிலும் அப்படித்தான். அது வெளியேற கதவின் அடியில் சின்னத் துவாரங்கள் உண்டு. ஷீட் ஒட்டும் ஆர்வத்தில் அவற்றை அடைத்துவிட்டால், கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அதேபோல டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பார்கள். 'இது எதுக்கு குப்பை மாதிரி' என்று கிழித்துப் போடுபவர்கள் உண்டு. அதுதான் தண்ணீர் உள்பக்கம் வராமல் தடுக்கிறது. எம்எக்ஸ்-5 டோர் பேடின் அடிப்பகுதி அழுத்திய மரநார் அட்டை. ஈரம் பட்டால் ஊறி, உப்பி, வளைந்துவிடும். ஸ்பீக்கரை மாற்றப் போய் டோர் பேடை இழந்தவர்கள் நிறைய.

மாட்டும்போது கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்

இந்தக் காரின் கதவில் சுமார் 16 செ.மீ. வட்ட ஸ்பீக்கர், அதாவது கடைப் பேச்சில் ஆறரை இஞ்ச். அகலம் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். கதவுக் கண்ணாடி கீழே இறங்கும்போது ஸ்பீக்கரின் காந்தத்துக்குப் பின்னால், கிட்டத்தில் வந்து நிற்கும். காந்தம் கொஞ்சம் தடியாக இருந்தாலும் கண்ணாடி அதில் இடிக்கும். எனவே ஆழம் குறைந்த ஸ்பீக்கராகப் பார்க்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு ஸ்பேசர் வளையம் வைத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் முன்னால் தள்ள வேண்டும். ரொம்பத் தள்ளினால் முன்பக்கம் கிரில் இடிக்கும். அளந்து பார்த்துத்தான் வாங்கணும், வேற வழியில்லை. டோர் பேடை மூடுவதற்கு முன்பே கண்ணாடியை அடிவரைக்கும் ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுவது, பின்னால் வரும் பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

இன்னொன்று, இந்த ஸ்பீக்கர் இருக்கும் இடம் முழங்காலுக்கும் கீழே. பேஸ் ஒலி எந்தப் பக்கமும் பரவும், ஆனால் ட்வீட்டரிலிருந்து வரும் கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில்தான் போகும். காலுக்குப் பக்கத்தில் ட்வீட்டர் இருந்தால் அதை உங்கள் பேன்ட் மட்டும்தான் கேட்கும். நடுவிலேயே ட்வீட்டர் பொருத்திய 'கோஆக்சியல்' வகையின் குறை இது. ட்வீட்டர் தனியாக வரும் 'கம்போனென்ட்' செட் வாங்கி, அதை மேலே, பக்கக் கண்ணாடியின் முக்கோண மூலை அருகே வைத்தால் பாடகரின் குரல் காலடியிலிருந்து டேஷ்போர்டுக்கு ஏறிவிடும். துளை போடாமல் ஒட்டிவைக்கக்கூடிய ட்வீட்டர்களும் இருக்கின்றன.

வயர் மாற்றி மாட்டாமல் இருப்பதும் முக்கியம். ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். சத்தம் வரும், ஆனால் பேஸ் மாயமாகிவிடும். சந்தேகம் இருந்தால் 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரியை ஒரு நொடி வயரில் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும்.

கூரையைத் திறந்தால் என்ன ஆகிறது?

மூடிய காருக்குள் பேஸ் கேட்பது சுலபம். இடம் சின்னது, நாலா பக்கமும் அடைப்பு. குறைந்த ஒலிகள் தானாகவே பெருகும். கூரையை மடக்கியதும் அந்த இலவசப் பெருக்கம் ஒரே நொடியில் காலி. அது போதாதென்று காற்று. வேகமாகப் போகும்போது வரும் காற்றுச் சத்தத்திலும் டயர் சத்தத்திலும் குறைந்த ஒலிகள்தான் அதிகம். அவை பாட்டின் பேஸை அப்படியே மூடிவிடும். வீட்டு வாசலில் அட்டகாசமாகக் கேட்ட பாட்டு ரோட்டில் சப்பென்று ஆவதற்கு இதுதான் காரணம்.

சரி, வால்யூமைக் கூட்டினால் போச்சு என்கிறீர்களா? இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கூரை திறந்த கார்களில் நெடுஞ்சாலை வேகத்தில் காது மருத்துவர்கள் அளந்து பார்த்தபோது, பாட்டே போடாமல் 85 டெசிபலைத் தாண்டிய சத்தம் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று சொல்லும் அளவே 85 டெசிபல்தான். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் ஒரே ஒரு மணி நேரம். பாட்டு காதில் விழ வேண்டுமென்றால் அது காற்றை ஜெயிக்க வேண்டும். அப்படியானால் காதில் விழும் மொத்தம் 90-ஐத் தாண்டும். பாட்டு கேட்பதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இன்னும் கறார்: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபலில் வாரத்துக்கே 4 மணி நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நீளமான டிரைவ் போய்விட்டு இறங்கும்போது காதில் 'ங்ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்கிறதா? உள்காதில் இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள் களைத்துப்போயிருப்பதன் அடையாளம் அது. ஒருமுறை இரண்டு முறை என்றால் மீண்டுவிடும். தொடர்ந்து நடந்தால் அந்தச் செல்கள் செத்துவிடும், திரும்ப முளைக்காது. பெரிய ஆம்ப், பெரிய ஸ்பீக்கர் என்று போட்டுக் காற்றோடு சண்டைக்கு நிற்பவர்கள் உண்மையில் செலவழிப்பது தங்கள் காதைத்தான்.

எனவே முதல் வேலை, எதிராளியின் சத்தத்தைக் குறைப்பது. கூரை திறந்திருந்தாலும் பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் உள்ளே சுழலும் காற்று நன்றாகவே குறையும். இரண்டு சீட்டுகளுக்கும் பின்னால் நிறுத்தும் காற்றுத் தடுப்புப் பலகை இன்னும் உதவும். கூரை மூடிய நிலையிலும் கதவு ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தால் 'உய்ய்' என்று காற்று ஊதும். 30 வயது காரில் அது நிச்சயம் காய்ந்திருக்கும். பீடிங் மாற்றுவதை யாரும் ஆடியோ அப்கிரேடு என்று சொல்வதில்லை. ஆனால் இந்தக் காரில் அதுவும் ஆடியோ அப்கிரேடுதான்.

தலைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர்

மாஸ்டா இன்ஜினியர்களுக்கு இந்தப் பிரச்சனை அப்போதே தெரியும். முதல் தலைமுறையின் சில மாடல்களில் சீட்டின் தலைப்பகுதிக்குள்ளேயே குட்டி ஸ்பீக்கர்களைப் பொருத்தினார்கள். இன்றைய நான்காம் தலைமுறை காரிலும் 9 ஸ்பீக்கர் போஸ் சிஸ்டம் வாங்கினால் ஹெட்ரெஸ்டில் ஸ்பீக்கர் இருக்கும். 30 வருடம் கழித்தும் அதே யோசனை!

இதன் பின்னால் இருக்கும் கணக்கு ரொம்ப எளிது. தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். கதவு ஸ்பீக்கர் காதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது, தலைக்குப் பின்னால் இருப்பது 12 சென்டிமீட்டரில் என்று வையுங்கள். ஒரு மீட்டரை மூன்று முறை பாதியாக்கினால் அந்தத் தூரம் வரும். ஆக 18 டெசிபல் லாபம். கதவு ஸ்பீக்கரில் அதே அளவைப் பெற 60 மடங்குக்கு மேல் பவர் கொடுக்க வேண்டும். ஆம்ப் கடைக்காரர் யாரும் உங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்.

குறையும் உண்டு. குட்டி ஸ்பீக்கரில் பேஸ் வராது. அதை மட்டும் நம்பினால் பாடகர் பிடறிக்குப் பின்னால் நின்று பாடுவது மாதிரி இருக்கும். அதனால் கதவில் உள்ளதை முதன்மையாக வைத்து, கூரை திறக்கும்போது மட்டும் இதைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்ல ஏற்பாடு. வெறும் இரண்டு கதவு ஸ்பீக்கரோடு வந்த கார்களில்கூட பழைய ஹெட்ரெஸ்ட் ஸ்பீக்கர்களைத் தேடி வாங்கிப் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள். கம்பெனியே செய்த ஏற்பாடு என்பதால் காரின் அசல் தன்மைக்கும் பங்கமில்லை.

ஆம்ப் வைக்கணும்னா எங்கே?

கதவை அடைத்து, நல்ல சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் போட்டும் போதவில்லை என்றால் ஒரு சின்ன 'கிளாஸ் டி' ஆம்ப் போதும். உள்ளங்கை அளவில் கிடைக்கிறது, அதிகம் சூடாவதில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 40, 50 வாட் நிஜமாகக் கிடைத்தாலே ஸ்டீரியோவை அலறவிட வேண்டியதில்லை. அலறும் ஸ்டீரியோவில் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு வரும். ட்வீட்டர் எரிவது பெரும்பாலும் அதனால்தான்.

எம்எக்ஸ்-5-ல் ஒரு வசதி: எடை சமநிலைக்காக பேட்டரியை டிக்கியில் வைத்திருக்கிறார்கள். அதனால் ஆம்பை டிக்கியில் வைத்தால் பவர் வயர் ஒரு முழம்தான். ஆனால் வயர் குட்டையாக இருக்கிறதே என்று ஃப்யூஸை விட்டுவிடக் கூடாது. ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அது ஆம்பைக் காப்பாற்ற இல்லை, வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் கார் பற்றி எரியாமல் இருக்க. டிக்கியில் இருக்கும் பேட்டரி வாயுவை வெளியே விடும் குழாயோடு வந்தது. சாதாரண பேட்டரியை அங்கே வைத்து, பக்கத்திலேயே ஆம்பையும் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

சப்வூஃபரை டிக்கியில் வைக்கலாமா? இந்தக் காரில் பிரயோஜனமே இல்லை. சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் இரும்புத் தடுப்பு, பெட்ரோல் டேங்க் எல்லாம் இருக்கின்றன. பேஸ் பின்னால் வரும் வண்டிக்காரருக்குத்தான் கேட்கும்.

எல்லா காருக்கும் இதே வழியா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். 1984-ல் வந்த செவ்ரலே கார்வெட்டில் 'டெல்கோ-போஸ்' என்ற சிஸ்டம் கொடுத்தார்கள். அதில் ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயும் அதற்கென்று தனி ஆம்ப் இருக்கும். வயதாக ஆக அந்த ஆம்பின் கெப்பாசிட்டர்கள் கசிந்து, 'பட் பட்' என்ற சத்தமோ நிரந்தர இரைச்சலோ வரும். கேட்பவர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைப்பார். போனது ஆம்ப்!

இந்த மாதிரி சிஸ்டங்களில் ஸ்பீக்கரின் ஓம் அளவும் வழக்கமான 4 ஓமை விடக் குறைவாக இருக்கும். கடையில் வாங்கிய சாதாரண ஸ்பீக்கரை அந்த ஆம்பில் கொடுத்தால் சத்தம் குறைந்துபோகும். மாறாக, குறைந்த ஓம் ஸ்பீக்கரைச் சாதாரண ஸ்டீரியோவில் கொடுத்தால் ஸ்டீரியோ சூடாகிக் கருகும். அதனால் பழைய காரில் 'போஸ்' என்று எழுதியிருந்தால் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். இங்கே பல நேரம் சரியான வழி, பழைய ஆம்ப் போர்டை ரிப்பேர் செய்துகொள்வதுதான்.

வெட்டினால் திரும்ப வராது

90-களில் இந்தக் கார்களை வாங்கியவர்களுக்கு இவை வெறும் செகண்ட் ஹேண்ட் கார்கள். பெரிய ஸ்பீக்கர் உள்ளே போகவில்லையா, தகட்டையே வட்டமாக வெட்டினார்கள். கப்ளர் பொருந்தவில்லையா, அதை வெட்டி எறிந்துவிட்டு வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினார்கள். இன்று நிலைமை வேறு. முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் புதுப்பித்துத் தரும் சேவையை ஜப்பானில் மாஸ்டாவே 2017-ல் அறிவித்தது. அந்தக் காலத்து டயர், நார்டி ஸ்டீரிங் வீல் வரை மறுபடி தயாரித்தார்கள். அசலாக இருக்கும் காரைத்தான் இப்போது தேடுகிறார்கள். 'அங்கே இங்கே வெட்டியிருக்கு' என்றாலே வாங்க வருபவர் முகம் மாறிவிடும்.

நல்லவேளையாக, வெட்டுவதற்கு இப்போது தேவையும் இல்லை. காரின் கப்ளரிலும் புது ஸ்பீக்கரிலும் நேராகப் பொருந்தும் அடாப்டர் வயர் கிடைக்கிறது. ஸ்பேசர் வளையம் கம்பெனி ஸ்க்ரூ துளையிலேயே உட்காரும். டேஷ்போர்டில் கண்ணைப் பறிக்கும் நீல விளக்கு வேண்டாம் என்றால், பழைய தோற்றத்தில் புளூடூத் உள்ள ஸ்டீரியோக்களும் வந்துவிட்டன. போர்ஷே கம்பெனி தன் பழைய 911 கார்களுக்கென்றே அந்தக் காலத்து டேஷ்போர்டோடு ஒத்துப்போகும் தோற்றத்தில், உள்ளே ஆப்பிள் கார்பிளே ஓடும் யூனிட்டை 2020-ல் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய கம்பெனியே பழைய காரில் பாட்டு கேட்பவர்களைப் பொருட்படுத்துகிறது பாருங்கள்.

வேலையை எந்த வரிசையில் செய்வது? முதலில் பழைய ஸ்பீக்கரைக் கழற்றி வளையத்தைப் பாருங்கள். கதவை அடைத்து, தண்ணீர்த் துவாரத்தை விட்டு, பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டி, அதே ஸ்பீக்கரோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். அதன் பிறகும் போதாது என்றால் ஸ்பீக்கர், பிறகு ஹெட்ரெஸ்ட், கடைசியில்தான் ஆம்ப். பாட்டைச் சோதிப்பதை வாசலில் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, போனில் டெசிபல் ஆப்பைப் போட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆப் துல்லியமாக இருக்காது. ஆனால் 80-க்கும் 95-க்கும் வித்தியாசம் சொல்லிவிடும்.

கழற்றிய அசல் ஸ்பீக்கர்களைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். இடது, வலது என்று எழுதி, ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டு, பேப்பரில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். என்றாவது காரை விற்கும்போது, வாங்குபவர் முதலில் கேட்பது அந்த டப்பாவைத்தான்.